‘கூகென்’ என்னும் ஜெர்மன் சொல்: உறவு எது, கடன் எது, தற்செயல் எது?

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று, நான்கு மணி அளவில் உறவினரும் நண்பரும் கூடிக் காபி அருந்தும் வழக்கம் உண்டு. அப்போது காபிக்குத் துணையாக மேசைக்கு வரும் பண்டத்தின் பொதுப்பெயர் ‘கூகென்’. இதன் நடுவில் உள்ள ககரத்தை, ‘அகம்’, ‘முகம்’ என்னும் சொற்களில் நாம் மெலிதாக ஒலிப்பதைப் போலவே, சற்றுத் தொண்டையில் உரசவிட்டு ஒலித்தால் ஜெர்மானியரின் ஒலிப்புக்கு ஏறக்குறைய நெருங்கிவிடலாம்.

இந்தச் சொல்லின் பிறப்பைப் பற்றிச் சில கூற்றுகள் ஆராயப்படாமலே கைமாறி வருகின்றன. சமையலறையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து ‘கூகென்’ பிறந்தது என்பார்கள். சமைப்பதைக் குறிக்கும் ஆங்கிலக் ‘குக்’ இதன் உறவுச்சொல் என்பார்கள். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பலகாரத்துக்கு வழங்கும் ‘குவே’ டச்சுக்காரர் கொண்டுவந்த இதே சொல்தான் என்றும் சிலர் கருதுகிறார்கள். இம்மூன்றும் தவறு. ஆனால், உப்பும் முட்டையும் சேர்ந்த பிரெஞ்சுப் பண்டமான ‘கீஷ்’, ஆங்கிலக் ‘குக்கீ’, இலங்கையின் ‘கொக்கிஸ்’ ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஒத்து ஒலிக்கும் சொற்களில் எதை உறவென்று ஏற்பது, எதை மறுப்பது என்பதற்குத் தெளிவான முறை இருக்கிறது. அந்த முறையை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

ஜெர்மனியில் அது எதைக் குறிக்கிறது?

தமிழில் ‘கேக்’ என்ற ஒரே சொல்லில் அடங்குவதை ஜெர்மன் மொழி இரண்டாகப் பிரிக்கிறது. மாவைப் பிசைந்தோ கரைத்தோ, மேலே பழத்துண்டுகள் பரப்பியோ பரப்பாமலோ, அடுப்பில் சுட்டு அப்படியே வெட்டிப் பரிமாறுவது ‘கூகென்’. சுட்ட கேக்கை அடுக்குகளாக அறுத்து, இடையிடையே கிரீம் பூசி, மேலே அலங்கரித்து வைப்பது ‘டோர்ட்டெ’. பின்னது இத்தாலிய மொழியின் ‘டோர்டா’விலிருந்து வந்த வேறொரு சொல்.

ஆயினும் கூகென் இனிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வெங்காயம் பரப்பிச் சுடுவது ‘ட்ஸ்வீபெல்கூகென்’. உருளைக்கிழங்கைத் துருவித் தட்டி எண்ணெயில் பொரிப்பது ‘ரைபெகூகென்’. ‘ப்ஃபன்கூகென்’ என்றால் ஜெர்மனியின் பெரும்பகுதியில் நம் தோசையைப் போன்ற மாவுப்பண்டம். பெர்லினில் அதே சொல் பழப்பாகு நிரப்பிப் பொரித்த உருண்டையைக் குறிக்கும்.

உணவுக்கு வெளியே சென்றால் இன்னும் தெளிவு கிடைக்கிறது. எண்ணெய் ஆட்டியபின் எஞ்சும் பிண்ணாக்கு ஜெர்மனில் ‘ஓல்கூகென்’. ‘ஓல்’ என்றால் எண்ணெய். கருப்பையில் குழந்தைக்கு ஊட்டமளிக்கும் நஞ்சு ‘முட்டர்கூகென்’, அதாவது தாய்க் கூகென். முதலில் கேட்கும்போது இது திடுக்கிட வைக்கும். ஆனால் மருத்துவ உலகம் முழுவதும் வழங்கும் ‘பிளசென்டா’ என்ற லத்தீன் சொல்லுக்கும் தட்டையான பணியாரம் என்பதே பொருள். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூற்றியலாளர் ரியால்டோ கொலம்போ அந்த உறுப்பின் வட்டமான தட்டை வடிவத்தைக் கருதி அப்பெயரைக் கையாண்டார். ஜெர்மன் சொல் அதன் பொருளைத் தழுவியது. லத்தீனின் மகளான ருமேனிய மொழியில் ‘பிளசிந்தா’ இன்றும் உண்ணும் பண்டத்தின் பெயராகவே இருக்கிறது.

இங்கே மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுதான். ‘கூகென்’ என்பதன் அடிப்பொருள் இனிப்பு அன்று. சேர்ந்து இறுகி, பெரும்பாலும் வட்டமாகவும் தட்டையாகவும் அமைந்த ஒரு திரள்.

மூன்று வகை ஒற்றுமை

ஒரு திருமண வீட்டில் ஒரே சாயலுள்ள மூவரைக் காண்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மணமகளின் அண்ணன். இன்னொருவர் அந்த வீட்டில் வளர்ந்து, அந்த வீட்டுப் பேச்சும் நடையும் ஒட்டிக்கொண்டவர். மூன்றாமவர் பந்தல்காரர், அவருடைய சாயலுக்குக் காரணம் எதுவும் இல்லை. சொற்களிலும் இந்த மூவகை உண்டு.

இரண்டு மொழிகள் ஒரே மூத்த மொழியிலிருந்து பிரிந்து, அந்த மூத்த மொழியின் ஒரு சொல்லை இரண்டும் தத்தம் வழியில் காத்துவந்தால், அவ்விரு வடிவங்களும் ஒன்றுக்கொன்று இனச்சொல். தமிழ்ச் ‘செவி’யும் கன்னடக் ‘கிவி’யும் அப்படிப்பட்டவை. ஒரு மொழி இன்னொன்றிடமிருந்து எடுத்துக்கொண்டது கடன்சொல். போர்ச்சுக்கீசியரிடமிருந்து நாம் பெற்ற ‘சாவி’ அத்தகையது. இவ்விரண்டும் இல்லாமல் ஒலி மட்டும் ஒத்திருப்பது தற்செயல் ஒப்புமை.

மூன்றாவதற்கு நாம் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு, தமிழ் ‘எட்டு’ம் ஆங்கில ‘எயிட்’டும். பொருளும் ஒன்று, ஒலியும் ஒன்றுபோல் இருக்கிறது. ஆனால் ‘எண்பது’, ‘எண்ணூறு’ என்ற சொற்கள் தமிழ் எண்ணின் அடி ‘எண்’ என்பதைக் காட்டிவிடுகின்றன. ஆங்கிலச் சொல்லின் இனச்சொல் லத்தீனில் ‘ஒக்டோ’. அங்கே ககர ஒலி தெளிவாக நிற்கிறது. பின்னோக்கிச் செல்லச் செல்ல ஒரே குடும்பச் சொற்கள் நெருங்க வேண்டும். இவை இரண்டும் விலகுகின்றன. எனவே இன்றைய வடிவங்களை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போதாது. பழைய வடிவங்களைப் பார்க்க வேண்டும்.

உடன்பிறந்தவர்கள்: கூகென், கூக், காக்கா, கேக்

ஜெர்மன், டச்சு, ஆங்கிலம், சுவீடியம் முதலியவை ஜெர்மானிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜெர்மனில் ‘கூகென்’ என்பதற்கு டச்சில் ‘கூக்’ என்பார்கள். சுவீடியத்தில் ‘காக்கா’. ஆங்கிலக் ‘கேக்’, இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் பழைய நோர்ஸ் மொழிச் சொல்லான ‘கக’ என்பதிலிருந்து வந்தது. 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது தட்டையான சிறு ரொட்டியைத்தான் குறித்தது.

இவை உறவுச்சொற்கள் என்பதை இரண்டு வேறுபாடுகளின் வழியாக நிறுவலாம். வேறுபாடு எப்படி உறவைக் காட்டும் என்று கேட்கலாம். ஒழுங்காக, ஒரே முறையில் திரும்பத் திரும்ப வரும் வேறுபாடுதான் உறவின் உறுதியான சான்று.

முதல் வேறுபாடு மெய்யொலியில் உள்ளது. டச்சில் வல்லினக் ககரம் உள்ள இடத்தில் ஜெர்மனில் தொண்டையில் உரசும் ஒலி வருகிறது. இது இந்த ஒரு சொல்லில் மட்டும் நிகழவில்லை. நூலுக்கு டச்சில் ‘பூக்’, ஜெர்மனில் ‘பூஹ்’. செய்வதற்கு டச்சில் ‘மாக்கென்’, ஜெர்மனில் ‘மாஹென்’. ஏறக்குறைய கி.பி. 6 முதல் 8ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் ஜெர்மனியின் தென்பகுதிப் பேச்சில், உயிரெழுத்துக்குப் பின் வந்த வல்லினக் ககரம் உரசொலியாக மாறி, அம்மாற்றம் வடக்கு நோக்கிப் பரவியது. டச்சுக்கு அது எட்டவில்லை. இவ்வாறு ஒரு மொழியில் ஒரே சூழலில் உள்ள ஒலி எல்லாச் சொற்களிலும் ஒருசேர மாறுவதை ஒலிமாற்ற விதி என்று கூறலாம். ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’, ‘பல்’ ‘ஹல்லு’, ‘பள்ளி’ ‘ஹள்ளி’ என்று வரிசையாக மாறியிருப்பதை அறிந்த நமக்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். ஒரு சொல் மாறியிருந்தால் அது தற்செயலாகலாம். ஒரு வரிசையே மாறியிருந்தால் ஆகாது.

இரண்டாவது வேறுபாடு உயிரொலியில் உள்ளது. ‘கக’ என்பதில் குறில் அகரம். ‘கூக்’, ‘கூகென்’ ஆகியவற்றில் நெடில். இன்று ஊகாரமாக ஒலிக்கும் இந்த நெடில், மிகப் பழங்காலத்தில் ஓகாரமாக இருந்தது. ஆகவே மூத்த ஜெர்மானிய மொழியில் ‘கக்-’, ‘கோக்-’ என இரண்டு அடிகள் உடன் வழங்கியிருக்க வேண்டும் என்று மொழியியலாளர் கணிக்கிறார்கள். எழுத்தில் கிடைக்காத பழைய வடிவத்தை அதன் பிற்கால வடிவங்களை ஒப்பிட்டுக் கணிப்பதற்கு மீட்டுருவாக்கம் என்று பெயர். ஒரே அடி உயிரை மாற்றி இரண்டு வடிவம் கொள்ளுமா என்ற ஐயம் தமிழருக்கு எழ வேண்டியதில்லை. ‘சுடு’ என்பது ‘சூடு’ ஆகிறது, ‘பெறு’ ‘பேறு’ ஆகிறது, ‘கெடு’ ‘கேடு’ ஆகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஜெர்மானிய மொழிகளின் உயிர்மாற்றம் இதனோடு உறவுடையது அன்று. ஆனால் அடிச்சொல்லின் உயிர் மாறியும் உறவு கெடாமல் நிற்கும் என்பதைப் புரிந்துகொள்ள நம் இலக்கணம் கைகொடுக்கிறது.

ஆக, கூகெனும் கேக்கும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை அல்ல. ஒரே மூத்த குடும்பத்தில் இரு கிளைகளாகப் பிரிந்தவை.

சமையலறையோடு உறவில்லை

ஜெர்மனில் சமையலறைக்கு ‘க்யுஹெ’, சமையற்காரருக்குக் ‘கோஹ்’. இவை ‘கூகென்’ என்பதோடு ஒத்து ஒலிக்கின்றன, பொருளும் ஒரே வீட்டுக்குள் இருக்கிறது. ஆகவே இவற்றை இணைப்பது மிக இயல்பான பிழை. ஆனால் ‘க்யுஹெ’, ‘கோஹ்’ ஆகிய இரண்டும் லத்தீனிலிருந்து பண்டைக் காலத்தில் பெற்ற கடன்சொற்கள். சமைப்பதைக் குறிக்கும் லத்தீன் ‘கொக்குவெரெ’ என்னும் வினையின் வழியில் வந்தவை அவை. ஆங்கிலத்தின் ‘கிச்சன்’, ‘குக்’ ஆகியனவும் அதே மூலத்திலிருந்து வந்தவை.

கூகெனும் லத்தீனிலிருந்து வந்ததென்றால், நோர்ஸ் மொழியின் அகரத்தை விளக்க முடியாது. லத்தீன் அடியில் ஒகரம்தான் உள்ளது. அதைக் கடன் வாங்கியவர்கள் ‘கக’ என்று சொல்லக் காரணம் இல்லை. ‘கக்-’, ‘கோக்-’ என்ற இரட்டை அடி ஜெர்மானிய மொழிகளின் சொந்த உயிர்மாற்ற முறைக்குள் அமைந்திருப்பதால், சொல்லும் அம்மொழிகளின் சொந்தச் சொல்லே. ஆங்கிலத்தில் ‘குக்’ என்பவர் ‘கேக்’ செய்யலாம். ஆனால் அவ்விரு சொற்களுக்கும் இரத்த உறவு இல்லை.

‘குவே’ என்னும் அயலார்

மலாயில் ‘குவே’ என்பது பலகாரங்களின் பொதுப்பெயர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களுக்கு இது அன்றாடச் சொல். இந்தோனேசியாவை டச்சுக்காரர் நெடுங்காலம் ஆண்டதால், டச்சுக் ‘கூக்’தான் கடைசி மெய் தேய்ந்து ‘குவே’ ஆயிற்று என்ற எண்ணம் எழுவதில் வியப்பில்லை. வரலாறு இடம் கொடுப்பதுபோல் தோன்றுவதால்தான் இந்தப் பிழை நிலைத்து நிற்கிறது.

ஒலியைக் கொண்டு சோதித்துப் பார்ப்போம். டச்சு மொழியில் நூலைக் குறிக்கும் ‘பூக்’, இந்தோனேசியத்தில் ‘புக்கு’ ஆயிற்று. துண்டைக் குறிக்கும் ‘ஹன்டூக்’, ‘ஹந்துக்’ ஆயிற்று. இரண்டிலும் இறுதிக் ககரம் உறுதியாக நிற்கிறது. அதே முறைப்படி ‘கூக்’ சென்றிருந்தால் ‘குக்’ என்றோ ‘குக்கு’ என்றோ ஆகியிருக்க வேண்டும். ‘குவே’ என்று ஆக வழியில்லை. மறுபக்கம், தென்சீனாவிலிருந்து வந்த ஹொக்கியன் மொழியில், அரிசி மாவில் செய்யும் பண்டத்துக்குப் பெயரே ‘குவே’. ஒலியும் பொருந்துகிறது, அரிசிமாவில் செய்து ஆவியில் வேகவைக்கும் பண்டங்கள் பலவற்றுக்கும் அப்பெயர் இருப்பதும் பொருந்துகிறது, சீன வணிகர் அத்தீவுகளில் டச்சுக்காரருக்கு முன்பே உலவியதும் பொருந்துகிறது. சான்று மூன்று பக்கமிருந்தும் ஒரே இடத்தைக் காட்டும்போது ஐயத்துக்கு இடமில்லை.

ஓர் உறவை ஏற்கவோ மறுக்கவோ நாம் கேட்ட கேள்விகள் இவை: ஒலிமாற்றம் மற்றச் சொற்களோடு ஒத்துப்போகிறதா? பொருள் இணைகிறதா? அந்த மக்கள் அந்தக் காலத்தில் சந்தித்தார்களா?

கடனாகச் சென்ற வழிகள்

கூகெனைக் கடன் பெற்ற மொழிகளில் நமக்குத் தெரிந்தது பிரெஞ்சு. பிரான்சின் கிழக்கே, ஜெர்மானியப் பேச்சும் பிரெஞ்சும் அடுத்தடுத்து வழங்கிய லொரேன் பகுதியில், கூகெனின் வட்டார வடிவம் ஒன்று பிரெஞ்சு நாவில் ‘கீஷ்’ ஆயிற்று. அதில் முட்டையும் கிரீமும் பன்றி இறைச்சியும் சேரும், சர்க்கரை சேராது. அடிப்பொருள் இனிப்பு அன்று என்று மேலே கண்டதால், இந்த மாற்றம் நமக்கு வியப்பளிக்காது.

கடல் கடந்து சென்ற ஜெர்மானியர் சொல்லையும் உடன் கொண்டுபோனார்கள். 1824இல் பிரேசிலின் தென்கோடியில் சாவோ லியோபோல்டோவில் அவர்கள் குடியேறினர். போர்ச்சுக்கீசிய மொழிக்குப் பொருந்த, உரசொலி வல்லினக் ககரமாகி, இறுதி மெய் விழுந்து, சொல் ‘குக்கா’ ஆயிற்று; ஜெர்மனில் ஆண்பாலாக இருந்தது ஆகாரத்தில் முடிந்ததால் பெண்பாலாயிற்று. மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் உதிர்த்துத் தூவிய மேல்பரப்பின் கீழ், அந்நாட்டு வாழைப்பழம் இடம்பெற்றது. பிரேசிலின் நாட்டார் கதைகளில் குழந்தைகளை அச்சுறுத்தும் உருவம் ஒன்றுக்கும் ‘குக்கா’ என்றே பெயர். அந்தப் பெயருக்கும் பண்டத்துக்கும் தொடர்பில்லை.

சிலியில் நிலை வேறு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வல்திவியா, ஒசோர்னோ, யான்கீவே ஏரிப் பகுதிகளில் ஜெர்மானியர் குடியேறினர். அங்கே வழங்கும் ஸ்பானியத்தில் தொண்டையில் உரசும் ஒலி முன்பே இருந்ததால், சொல் ஏறக்குறைய மாறாமலே நிலைத்தது. எழுத்துக்கூட்டலும் ஜெர்மன் போலவே இருக்கிறது. ஒரே சொல்லை ஒரே கண்டத்தின் இரண்டு நாடுகள் பெற்றும் ஒன்று திரித்தது, மற்றொன்று காத்தது. கடன் பெறும் மொழியின் ஒலியமைப்புதான் விருந்தாளிச் சொல்லின் உருவத்தை முடிவு செய்கிறது. தமிழ் வேற்றுமொழிச் சொற்களுக்கு உயிர் சேர்த்து முடிப்பதும் இதே காரணத்தால்தான்.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்துக்கு இச்சொல் சுற்றுவழியில் சென்றது. 18ஆம் நூற்றாண்டில் பேரரசி கேத்தரின் அழைப்பை ஏற்று ரஷ்யாவில் குடியேறத் தொடங்கிய ஜெர்மானிய உழவர்களின் வழித்தோன்றல்கள், அடுத்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தப் புல்வெளிக்குப் பெயர்ந்தனர். அங்கே கூகென் என்றால் இனிப்புமாவின் மேல் பாலும் முட்டையும் கலந்த பாகு ஊற்றிச் சுடுவது. 2000இல் அது அம்மாநிலத்தின் அதிகாரப்பூர்வ இனிப்பாயிற்று.

ஜப்பானுக்கு அது போர்க்கைதியோடு சென்றது. சீனாவின் சிங்தாவோவில் கடை வைத்திருந்த கார்ல் யூஹைம் என்னும் பேக்கரிக் கலைஞர், முதல் உலகப்போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டார். 1919இல் ஹிரோஷிமாவில் நடந்த கண்காட்சியில், சுழலும் கம்பியில் மாவை அடுக்கடுக்காக ஊற்றிச் சுடும் ‘பவும்கூகென்’, அதாவது மரக் கூகென், அவர் கையால் செய்யப்பட்டு விற்பனைக்கு வைக்கப்பட்டது. கண்காட்சி நடந்த கட்டடமே பின்னர் அணுகுண்டில் சிதைந்து, இன்று நினைவுச்சின்னமாக நிற்கிறது. வெட்டினால் மரவளையங்கள் போலத் தெரியும் அந்தப் பண்டம், நீண்ட வாழ்வின் அடையாளமாக ஜப்பானியத் திருமணங்களில் பரிசாகிறது. ஆங்கிலம் வழியே ‘கேக்கி’, ‘குக்கீ’, பிரெஞ்சு வழியே ‘கிஷ்ஷு’, ஜெர்மன் வழியே ‘பவுமுகூஹென்’ என ஒரே குடும்பத்தின் நான்கு கிளைகள் ஜப்பானிய மொழியில் ஒன்றுகூடியிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

பன்மையை ஒருமையாகக் கேட்ட காதுகள்

டச்சு மொழியில் ‘கூக்’ என்பதோடு சிறுமையைக் காட்டும் விகுதி சேர்ந்து ‘கூக்யெ’ ஆகும். சின்னக் கேக் என்று பொருள். வட அமெரிக்காவில் டச்சுக் குடியிருப்புகளின் வழியே ஆங்கிலத்தில் நுழைந்து ‘குக்கீ’ ஆனது இதுதான். இதன் பன்மை ‘கூக்யெஸ்’.

ஒரு மொழியினர் பிறமொழிப் பன்மையை ஒருமை என்று எண்ணிப் பெற்றுக்கொள்வது பரவலாகக் காணும் நிகழ்ச்சி. ‘ஒரு சாக்ஸ் காணவில்லை’ என்று நாம் சொல்வதும் அவ்வாறே. ஜெர்மானியரும் இதைச் செய்திருக்கிறார்கள். 1891இல் ஹானோவரில் ஹெர்மன் பால்சன் தம் பிஸ்கட்டை ‘லைப்னிட்ஸ் கேக்ஸ்’ என்ற ஆங்கிலப் பன்மைப் பெயரில் விற்கத் தொடங்கினார். நாளடைவில் அச்சொல் ‘கேக்ஸ்’ என்ற ஒருமையாக ஜெர்மனில் நிலைத்து, ‘கேக்ஸெ’ என்று புதிய பன்மையும் பெற்றது. இனச்சொல்லான கூகென் வீட்டிலேயே இருக்க, அதன் உறவுச்சொல் பிஸ்கட்டின் பெயராகத் திரும்பி வந்து கடனாகக் குடியேறியது.

இலங்கையில் நிகழ்ந்ததும் இதுவே. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1796 வரை அதன் கரையோரங்களை டச்சுக்காரர் ஆண்டனர். 1658இல் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்குச் சென்றது. ‘கூக்யெஸ்’ என்ற அவர்களுடைய பன்மை, சிங்களத்தில் ‘கொகிஸ்’ என்றும் தமிழில் ‘கொக்கிஸ்’ என்றும் ஒருமையாயிற்று. ஆனால் பண்டமோ அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் கரைத்து, சூடான அச்சை அதில் தோய்த்து எண்ணெயில் பொரிப்பது. தமிழ்நாட்டு அச்சு முறுக்கின் உடன்பிறப்பு. டச்சு அடுப்பில் அரிசிமாவுக்கும் தேங்காய்ப்பாலுக்கும் வேலையில்லை. பெயர் வந்த வழி வேறு, பண்டம் உருவான வழி வேறு. சொல்லைக் கொண்டு சமையலின் வரலாற்றை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

சித்திரைப் புத்தாண்டன்று இலங்கையின் வீடுகளில் கொக்கிஸும் கேக்கும் ஒரே தட்டில் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. ஒன்று ‘கோக்-’ அடியிலிருந்து டச்சுக் கப்பலில் வந்தது. மற்றது ‘கக்-’ அடியிலிருந்து நோர்ஸ் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஆங்கிலேயரோடு வந்தது.